தூக்கத்தில் ஆடாத கை

என் தம்பி மகள் ஒரு கேள்வி கேட்டால், பதில் கிடைத்த பிறகும் நகரமாட்டாள். முறைக்கமாட்டாள், அவசரப்படுத்தமாட்டாள், அடியெடுத்துக் கொடுக்கவும் மாட்டாள். சும்மா நிற்பாள். அந்த மௌனத்தில் நாம் சொன்னது நமக்கே போதாமல்போய், இன்னொன்றைச் சொல்லிவிடுவோம். இரண்டாவதாக வருவதுதான் பெரும்பாலும் உண்மையாக இருக்கும்.

பின்னாளில் மூளை நோய்களை ஆராய்கிறவளாக ஆனபோது, தன் தொழிலே இதுதான் என்று சிரித்தபடி சொன்னாள். "மொதல்ல பேசுறது வாய் பெரியப்பா. கொஞ்சம் பொறுத்தா ஆளு பேசும்."

அவள் பொறுக்காமல் எழுந்துபோனது ஒரே ஒரு நாள்தான். என்னிடம் கேட்டுவிட்டுப் போன நாள் அது. அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவளுக்கு ஒரு மகள் இருக்கிறாள். பள்ளிக்கூடம் போகிற வயது. ஊர் வாயில் அந்தக் குழந்தை விழக்கூடாது.

நான் அரசாங்கக் கிளினிக்கில் டிரஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்றவன். பாடாங் செராய்ச் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் எத்தனையோ பேருக்குக் காயம் கட்டியிருக்கிறேன், ஊசி போட்டிருக்கிறேன். எங்கள் தோட்டத்து முனீஸ்வரர் கோயிலுக்கும் நெடுங்காலம் நான்தான் தலைவர். உடம்புக்கு ஒன்று என்றாலும் சாமி காரியம் என்றாலும், "டிரஸ்ஸர் ஐயா என்ன சொல்றாரு?" என்றுதான் கேட்பார்கள். நான் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. என் குற்றத்திற்கு இந்த மரியாதை பெரிதும் உதவியது.

என் தம்பி எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவன். கூட்டத்தில் இருந்தால் இருப்பதே தெரியாது. ஒரு வருடத் திருவிழாவில் உடுக்கை ஏறிய நேரம், கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த அவன் தோள் குலுங்கியது. விரல்கள் தனித்தனியாகத் துள்ளின. "சாமி வந்துருச்சு!" என்று யாரோ கத்தினார்கள். பூசாரி மஞ்சள் தண்ணீர் ஊற்றி மாலை போட்டார். மற்றவர்கள் மேல் வந்த சாமிகள் விபூதி பூசியதும் மலையேறிவிட்டன. தம்பி மேல் வந்தது இறங்கவில்லை. உடுக்கை நின்று, சாப்பாடு முடிந்து, எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பிய பிறகும் அவன் விரல்கள் ஆடிக்கொண்டே இருந்தன. அதனால் அது பெரிய சாமி என்று ஊர் முடிவு கட்டியது.

பிறகு அவனிடம் குறி கேட்க வந்தார்கள். அவனைவிட மூத்தவர்கள் காலில் விழுந்தார்கள். ஒரு நாள் கோயிலுக்குப் பின்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அண்ணே, சாமி வர்ற மாதிரி எனக்கு ஒண்ணும் தெரியலண்ணே. கை பாட்டுக்குத் தானா போவுது. ஒனக்கு மருந்து மாத்திர தெரியுமே, கொஞ்சம் பாரேன்."

"சும்மா இருடா. சாமி வர்றது ஆடுறவனுக்கே தெரியாது."

"அப்படியா சொல்ற?"

"அப்படித்தான்."

அவன் நம்பினான். நான் சொல்லி அவன் நம்பாத ஒன்று இல்லை.

அவன் மகள் அப்போது தமிழ்ப்பள்ளியில் கீழ்வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். கோயில் வாசலில் நான் வாழைத்தார் கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"பெரியப்பா, சாமி தூங்குமா?"

"எதுக்கு கேக்குற?"

"அப்பா தூங்குனா கை ஆடவே மாட்டுது. நான் பக்கத்துலயே ஒக்காந்து பாத்தேன்."

"ஆமா. சாமியும் தூங்கும்."

அவள் போகவில்லை. நான் கயிற்றை இழுத்துக் கட்டினேன். அவள் நின்றாள்.

"அப்பறம் பேங்க்ல சம்பளம் எடுக்கறப்ப எதுக்கு வருது? அங்க உடுக்கையா அடிக்கறாங்க? அந்த ஆளு அப்பாவ 'மாபோக் கா?'ன்னு கேட்டுட்டான். குடிச்சிருக்கியான்னு."

"போய் அம்மாகிட்ட பூ வாங்கிட்டு வா, போ."

அந்த வயதில் அவளை விரட்ட முடிந்தது.

எனக்குத் தெரியும். இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். தம்பிக்கு வந்தது சாமி அல்ல, நோய் என்று முதல் திருவிழாவிலேயே எனக்குத் தெரியும். ஏனென்றால் அதே தோள் குலுங்கலை, அதே விரல் துள்ளலை நான் எங்கள் அப்பாவிடம் பார்த்திருக்கிறேன்.

அப்பா பாலிங் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர். கத்தி வழுக்கி மரத்தில் காயம் விழ ஆரம்பித்தது. குடிகாரன் என்று வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவர் குடிக்கவே மாட்டார். நடை கோணியது, பேச்சு குழறியது, தட்டைத் தூக்கி எறிந்தார். கடைசியில் வேறு மாநிலத்தில் இருந்த மனநோய் ஆஸ்பத்திரிக்கு லாரியில் கொண்டுபோனார்கள். அங்கேயே செத்தார். நான் அப்போது மீசை முளைக்கிற பையன். தம்பி அம்மாவின் இடுப்பில். அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு பாடாங் செராய்ப் பக்கம் வந்தாள். கேட்டவர்களிடம், மரம் விழுந்து புருஷன் செத்துவிட்டார் என்றாள். என்னையும் அப்படியே சொல்லச் சொன்னாள். அம்மா போன பிறகு உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

டிரஸ்ஸர் பயிற்சியின்போது நூலகத்தில் ஒரு புத்தகத்தில் அப்பாவைக் கண்டேன். ஹண்டிங்டன் நோய் என்று போட்டிருந்தது. மூளையின் ஒரு பகுதி கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிப்போகும், நடுவயதில் தொடங்கும், மருந்து கிடையாது. தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் பிள்ளைக்கு வரவும் வராமல் போகவும் பாதிக்குப் பாதி. நான் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். அன்றிலிருந்து காலையில் கண் விழித்ததும் கையை மார்பின்மேல் வைத்து, விரல்கள் அசைகின்றனவா என்று பார்ப்பேன். என் மனைவிக்குக்கூடத் தெரியாது. முடி நரைத்த பிறகுதான் அந்தப் பழக்கம் விட்டது. எனக்கு வரவில்லை. என் பிள்ளைகளுக்கும் இனி வராது. தம்பிக்கு வந்துவிட்டது.

சாமி வந்தவனின் மரியாதை அதிக நாள் நிலைக்கவில்லை. பால்குடம் எடுத்த பெண்கள் மேல் தம்பி சாய்ந்து விழுந்தான். பூசாரி அவனை உள்ளே விடவில்லை. காலில் விழுந்த அதே ஆட்கள் 'சாமிக்கு ஆகாததச் செஞ்சிட்டான்' என்றார்கள். அப்போதுதான் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மகளும் பள்ளிச் சீருடையோடு வந்தாள். இடைநிலைப்பள்ளியில் பெரிய வகுப்புக்கு வந்துவிட்டாள்.

மலாய்க்கார டாக்டர், சின்ன வயது, பொறுமையானவர். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று மலாயில் கேட்டார். தம்பிக்கு மலாய் அரைகுறை. நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். நான் மொழிபெயர்க்கவில்லை. தம்பி பக்கம் திரும்பாமலே, "தாக் அடா" என்றேன். இல்லை.

அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்கு மலாய் நன்றாகத் தெரியும். கேட்ட கேள்வி அப்பாவிடம் போய்ச் சேரவில்லை என்பதைக் கவனித்துவிட்டாள். அவள் பார்வை என்மேலேயே இருந்தது. நான் டாக்டரின் மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குடிப்பாரா என்பது அடுத்த கேள்வி. அதைத் தம்பியே புரிந்துகொண்டான். "நான் குடிக்கிறதில்ல. அண்ணே, நீ சொல்லுண்ணே!" நான் சொன்னேன். ஆனால் அதற்குள் அவன் உட்கார்ந்திருந்த கோலமும் குழறலும் வேறு விதமாகச் சொல்லிவிட்டன. குடியால் நரம்பு கெட்டிருக்கலாம் என்றுதான் கடைசிவரை நினைத்தார்கள்.

ஏன் மறைத்தேன்? அந்த மாதம் என் மூத்த மகனுக்குக் கூலிம் ஊரில் பெண் பேசி முடித்திருந்தோம். துணிக்கடைக் குடும்பம். ரத்தத்தில் நோய் என்று காதில் விழுந்தால் தாம்பூலத்தைத் திருப்பிவிடுவார்கள். இது ஒரு காரணம். இன்னொன்று, அந்த நோயின் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னால் அது என்னைத் தேடி வந்துவிடும் என்று பயந்தேன். புத்தகம் படித்தவன்தான். இருந்தும் பயந்தேன்.

அவள் பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவத்தில் இருந்தபோது தம்பி சோற்றுப் பருக்கை நெஞ்சுக்குள் போய்ச் சளிக்காய்ச்சல் கண்டு செத்தான். பினாங்கில் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது, மூளையைப் பற்றிய படிப்பை எடுத்தாள். தீபாவளிக்கு வந்தவளை என் மனைவி கிண்டல் செய்தாள்.

"என்னடி, பைத்தியக்கார டாக்டராவா ஆகப்போற?"

"இல்ல பெரியம்மா. டாக்டர்கிட்டயாச்சும் ஆளு பேசும். எனக்கு எலிதான். அதுங்க காதுல நம்பர் போட்டு, எது வழி மறக்குதுன்னு பாத்துக்கிட்டே ஒக்காந்திருக்கணும்."

"எலிய பாக்கவா லோன் எடுத்துப் படிக்கிற? நம்ம அடுக்களைல வேண்டிய மட்டும் ஓடுதே லா!"

"அதுங்க எல்லாம் தெளிவா இருக்குதுங்க பெரியம்மா. உங்க குழம்பு எங்கன்னு சரியா கண்டுபிடிக்குது."

அவள் சிரித்தால் முகம் முழுவதும் சிரிக்கும். கைகள் மட்டும் சேராது. உட்கார்ந்தால் இரண்டு உள்ளங்கைகளையும் முழங்கால்மேல் தட்டையாக வைத்துக்கொள்வாள். பேச்சின் நடுவே அவள் கண் ஒரு கணம் விரல்களுக்குப் போய்வரும். அடக்கமான பிள்ளை என்று என் மனைவி மெச்சினாள். எனக்கு அந்தப் பழக்கம் எதுவென்று தெரியும். நான் மார்பின்மேல் வைத்துப் பார்த்ததை அவள் முழங்கால்மேல் வைத்துப் பார்த்தாள். அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்று அதிலிருந்தே புரிந்துகொண்டேன். புரிந்தும் பேசாமல் இருந்தேன்.

முனைவர் பட்டம் வாங்கி, வெளிநாட்டில் சில காலம் இருந்துவிட்டு, மறுபடியும் பினாங்குக்கே வந்தாள். வெளிநாட்டிலேயே இருந்திருக்கலாம், சம்பளம் அதிகம் என்று எல்லாரும் சொன்னார்கள். தோட்டத்து வயசாளிகளின் மறதி நோயைப் பற்றி யாரும் பார்க்கவில்லை என்றாள். வாரக் கடைசியில் வீடு வீடாகப் போவாள். சில வீடுகளில் உள்ளே விடமாட்டார்கள் என்பதால் என்னைத் துணைக்கு அழைத்தாள். டிரஸ்ஸர் ஐயா வந்தால் கதவு திறக்குமே.

பாடாங் மேஹாவில் ஒரு வீடு. கிழவி நாற்காலியில் இருந்தாள். மருமகள் வாசலிலேயே மறித்தாள்.

"எங்க அத்தைக்கு ஒண்ணுமில்ல லா டாக்டர். வயசாச்சு, அவ்ளோதான். நல்லா சாப்புடுறாங்க, நல்லா தூங்குறாங்க."

"சரிக்கா," என்றாள் இவள். நின்றாள்.

மருமகள் துணி மடித்தாள். இவள் நின்றாள். எனக்கே கூச்சமாக இருந்தது. போகலாம் என்று கண் காட்டினேன். அவள் அசையவில்லை. மடித்த துணியை மருமகள் மறுபடியும் பிரித்தாள். பிறகு திடீரென்று முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன யாருன்னு கேக்குறாங்க டாக்டர். இத்தன வருசம் ஆக்கிப் போட்டவள பாத்து, எந்த வீட்டுப் பொண்ணுன்னு கேக்குறாங்க. வெளிய சொன்னா நாந்தான் செய்வினை வெச்சேன்னு சொல்லுவாங்க."

இவள் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மடிக்காத துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். அன்றைக்குக் கேள்வியே கேட்கவில்லை.

காரில் திரும்பும்போது சொன்னாள். "எங்கப்பாவுக்கும் யாராவது இப்படி வந்து நின்னிருந்தா நல்லாருந்திருக்கும் பெரியப்பா. எல்லாரும் வந்தாங்க. குறி கேக்க வந்தாங்க."

நான் ரேடியோவைப் போட்டேன்.

இதற்குப் பிறகுதான் அந்த நாள். தன்னோடு வேலை செய்த பையனைக் கல்யாணம் செய்துகொள்ள அவளுக்கு விருப்பம். நல்ல பையன், வீட்டிலும் சம்மதம். ஆனால் தேதி வைக்கவிடாமல் தள்ளிக்கொண்டே இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாக என் வீட்டுக்கு வந்தாள். கார் நிறுத்துமிடத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டாள்.

"பெரியப்பா, தாத்தா எப்படிச் செத்தாரு?"

"இப்ப எதுக்கும்மா அது?"

"அப்பாவுக்கு வந்தது குடியில்ல. அது எனக்குத் தெரியும். ஒரு நோய் இருக்கு, அப்பாவுக்கு இருந்த மாதிரியே இருக்கும். ஆனா அது சும்மா வராது. மேல யாருக்காவது இருந்திருக்கணும். தாத்தாவுக்கு இல்லன்னா, அப்பாவுக்கு வந்தது வேற ஏதோ. நான் பயப்பட வேணாம்."

"ரத்தம் எடுத்துப் பாக்கலாமே?"

"பாக்கலாம். மத்தவங்ககிட்ட தைரியமா சொல்லுவேன், எடுங்கன்னு." சிரிக்கப் பார்த்தாள். "எனக்கு முடியல பெரியப்பா. நாலு தடவ லேப் வாசல் வரைக்கும் போய்ட்டு வந்துட்டேன். தாத்தாவ தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தான். நீங்க சொன்னா போதும்."

என் மகனுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்துவிட்டன. எனக்கு வயதாகிவிட்டது, நோய் வரவில்லை. மறைக்க எந்தக் காரணமும் மிச்சமில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். எந்தப் பதிலை வேண்டுகிறாள் என்று அப்பட்டமாகத் தெரிந்தது. அதைக் கொடுப்பது அன்பு என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது. பழகிய பொய் வேறு. நாக்குக்குத் தானாகவே வரும்.

"மரம் விழுந்துதாம்மா செத்தாரு. நானே பாத்தேன்."

அவள் மூச்சு விட்டாள். அப்படி ஒரு மூச்சை நான் கிளினிக்கில்கூடக் கேட்டதில்லை. கைகள் முழங்காலைவிட்டு எழுந்து முகத்தைத் துடைத்தன. எழுந்துவிட்டாள்.

"டீ போடச் சொல்றேன், இரு."

"வேணாம் பெரியப்பா, அம்மாகிட்ட போய்ச் சொல்லணும்." காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

என் வாயில் இரண்டாவது பதில் இருந்தது. உண்மையாகவே இருந்தது. அவள் எப்போதும்போல் கொஞ்சம் நின்றிருந்தால் சொல்லியிருப்பேன். உலகத்தில் எல்லாரிடமும் காத்து நின்றவள் அன்று என்னிடம் நிற்கவில்லை. போன் இருந்தது, அவள் அம்மா வீடு அடுத்த குடியிருப்புத் தாமானில்தான். நான் நாற்காலியை உள்ளே எடுத்து வைத்தேன்.

எங்கள் கோயில் மண்டபத்திலேயே கல்யாணம் நடந்தது. நான்தான் முன்னால் நின்று நடத்தினேன். அடுத்த வருடம் பெண் குழந்தை.

குழந்தை நடக்கும் வயதில் அவளுக்கு ஆரம்பித்தது. தகப்பன் வழியாக வந்தால் முந்திக்கொண்டு வரும் என்று அந்தப் பழைய புத்தகத்திலேயே படித்திருந்தேன். ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய்கள் கைதவறின. பிறகு வாக்கியத்தின் நடுவில் வார்த்தை நின்றது. இந்த முறை ரத்தம் எடுத்துப் பார்த்தாள். அதற்குப் பிறகும் முடிந்தவரை வேலைக்குப் போனாள். முடியாமல்போனதும் அம்மா வீட்டுக்கு வந்தாள். கணவன் அவளைக் கைவிடவில்லை. பினாங்கு வேலையை விட்டுச் சுங்கைப் பட்டாணியில் ஏதோ வேலை தேடிக்கொண்டு கூடவே வந்தான்.

ரத்தத்தின் முடிவு வந்தபோதே நான் சொன்னது பொய் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் என்னிடம் கேட்கவில்லை. பார்க்கப் போகும்போதெல்லாம் "வாங்க பெரியப்பா" என்றாள். பூனை எப்படி இருக்கிறது, கோயிலுக்கு மறுபடியும் வெள்ளையடித்தார்களா என்று குழறலோடு விசாரித்தாள். அதற்கெல்லாம் நான் என்ன சொன்னாலும் உடனே தலையாட்டிவிடுவாள். என்னிடம் மட்டும் காத்து நிற்பதை நிறுத்திவிட்டாள். அவள் எனக்குக் கொடுத்த தண்டனை அது ஒன்றுதான். அதைத் தண்டனை என்று நினைத்துக் கொடுத்தாளா என்பதும் தெரியாது.

போன வருடம், மழை பிடித்திருந்த ஒரு மத்தியானம், அவள் அம்மா கடைக்குப் போயிருந்த நேரத்தில் சொல்லிவிட்டேன். கட்டிலோரம் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பாலிங், லாரி, ஆஸ்பத்திரி, டாக்டரிடம் நான் மொழிபெயர்க்காதது, அந்த ஞாயிற்றுக்கிழமை. அவள் கை போர்வைமேல் ஆடிக்கொண்டே இருந்தது. கண் மட்டும் என்மேல் நிலையாக இருந்தது.

அவள் உதடு அசைந்தது. வார்த்தை வரவில்லை. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் காத்திருந்தேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் காத்திருந்தேன்.

"தாத்தா... தூங்குனா... கை ஆடுச்சா?"

"இல்லம்மா. ஆடல."

அவள் கண்ணை எடுக்கவில்லை. போதாது என்று எனக்குப் புரிந்தது.

"நான் அவரு பக்கத்துலதான் படுப்பேன். பகல்ல அவர்கிட்ட போக பயமா இருக்கும். எதையாச்சும் எறிவாரு. தூங்குன பிறகு போய்க் கையப் பிடிச்சிக்குவேன். அப்ப மட்டும்தான் அது அப்பா கையா இருக்கும்."

அவள் தலையை மெல்ல அசைத்தாள். "ம்" என்றாள். குறித்துக்கொள்கிறவள்போல.

சிறு வயதில் கோயில் வாசலில் அவள் கேட்ட கேள்விக்கு அப்போதுதான் பதில் சொல்லியிருக்கிறேன் என்பது வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது. அடுத்த மழைக்காலத்துக்கு அவள் இல்லை. அவள் அப்பாவைப்போலவே, சோறு நெஞ்சுக்குள் போய்விட்டது. அவள் மகள் ஒரு நாள் என்னைத் தேடி வந்து கேட்கலாம். அப்போது நான் இருக்கமாட்டேன். அதனால்தான் அவள் கேட்க வேண்டியதற்கும், கேட்டுவிட்டுக் காத்து நிற்க வேண்டியதற்கும் சேர்த்து எழுதிவைக்கிறேன்.

எல்லாவற்றையும் சொன்ன அந்த மத்தியானம், அவள் அம்மா கடையிலிருந்து திரும்பும்வரை நான் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் அவள் தூங்கிவிட்டாள். தோள் அடங்கியது, மணிக்கட்டு அடங்கியது, விரல்கள் ஒவ்வொன்றாக அடங்கின. அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று என் கையை நீட்டினேன். தொட்டால் விழித்துவிடுவாள் என்று பயந்து, போர்வையின்மேல் அவள் விரல்களுக்குப் பக்கத்தில் அதை வைத்தேன். இரண்டு கைகளும் அசையாமல் கிடந்தன. வெளியே மழை விட்டது. அவள் அம்மா குடையை உதறும் சத்தம் கேட்டதும் என் கையை எடுத்துக்கொண்டேன்.